கால்வாய் திறந்த பிறகும் புந்தா அரேனாஸ் ஏன் வளர்ந்தது

சிலி நாட்டின் தென்கோடியில் உள்ள புந்தா அரேனாஸ், 1914இல் பனாமா கால்வாய் திறந்ததும் அழிந்துபோன துறைமுகம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். இரண்டில் எது உண்மை, அவ்வளவு தெற்கில் ஒரு நகரம் ஏன் அமைந்தது என்று கேட்கிறீர்கள். ஒரு துறைமுக நகரம் கடந்துசெல்லும் கப்பல்களால் வாழ்கிறதா, தனக்குப் பின்னால் இருக்கும் நிலத்தால் வாழ்கிறதா என்பதே இந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நகரம் அழியவில்லை, கால்வாய் அதற்குப் பேரிடி என்பது பாதி உண்மை மட்டுமே. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வணிகக் கப்பல்களில் வழிநடத்தும் அதிகாரியாகப் பணியாற்றியவன் நான். மெத்தனால் என்ற வேதிப்பொருளை ஏற்றும் டேங்கர்களில் இருந்த காலத்தில், புந்தா அரேனாஸுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் கபோ நெக்ரோ முனையத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஊருக்கு எதிரே இருக்கும் மகெல்லன் நீரிணையின் (அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் குறுகிய கடல்வழி) ஆழம், நீரோட்டம், காற்று ஆகியவற்றைப் பற்றி நான் சொல்பவை தொழிலில் கற்றவை. நகரத்தின் வரலாறு, கரையில் கிடைத்த ஓய்வு நாட்களில் பார்த்ததும் பிறகு படித்ததும். அங்கே குடியிருந்தவனுக்குத் தெரியும் நெருக்கம் எனக்கு இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இடம். புந்தா அரேனாஸ் தெற்கு அட்சரேகை 53 பாகைக்குச் சற்றுத் தெற்கே, பிரன்ஸ்விக் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், மகெல்லன் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது. வடகோளத்தில் அதே தொலைவில் அயர்லாந்தின் டப்ளின் இருக்கிறது என்றால், துருவத்தை ஒட்டிய ஊர் என்ற எண்ணம் கொஞ்சம் மாறும். ஆனால் டப்ளினைத் தழுவும் வெதுவெதுப்பான கடல் இங்கே இல்லை. கோடையிலும் நாளின் சராசரி வெப்பம் 10, 11 பாகை செல்சியஸைத் தாண்டுவது அரிது. நடுக்கோடையில் பகல் கிட்டத்தட்ட 17 மணி நேரம், நடுக்குளிர்காலத்தில் ஏழரை மணி நேரம். சிலியின் மற்றப் பகுதிகளுக்குத் தன் நாட்டு மண்ணிலேயே போக ஒரு சாலை கிடையாது. இடையில் பனியாறுகளும் குடாக்களும் மறித்து நிற்பதால், தரைவழியாகப் போக விரும்புகிறவர் அர்ஜென்டினாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். தலைநகர் சாந்தியாகோ நேர்கோட்டில் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால்.

இந்த ஊரின் பிழைப்பைப் புரிந்துகொள்ள, அதன் அட்சரேகையைவிட மழையின் கணக்கு உதவும். பசிபிக்கிலிருந்து வரும் மேற்குக் காற்று ஆண்டிஸ் மலையின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி வரும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகிறது. புந்தா அரேனாஸுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 400 மில்லிமீட்டர். இன்னும் கிழக்கே போனால் அதுவும் குறைந்து புல்வெளி மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே நகரத்துக்குப் பின்னால் உள்ள குன்றுகளில் லெங்கா, கோய்குவே மரங்கள் நிறைந்த காடு, வடக்கிலும் கிழக்கிலும் மரமற்ற பட்டகோனியப் புல்வெளி. காடும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்பில் ஊர் அமைந்திருக்கிறது. விறகும் கட்டட மரமும் ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் மறுபக்கம், ஊருக்கு நடுவே ஓடிவரும் லாஸ் மினாஸ் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் பழுப்பு நிலக்கரி. இவை மூன்றும் ஒரு நாள் நடைக்குள் கிடைக்கும் இடம் அந்த நீரிணையின் கரையில் வேறெங்கும் எளிதில் அமையாது.

காற்றைப் பற்றி ஒரு மாலுமியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்தகங்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வசந்தத்திலும் கோடையிலும் அங்கே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் வீச்சுகள் வருவதுண்டு. அத்தகைய நாட்களில் நகர மையத்தின் தெருமுனைகளில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டுகிறார்கள். ஒரு முதிய பெண்மணி ஒரு கையில் ரொட்டிப் பையையும் மறு கையில் கயிற்றையும் பற்றிக்கொண்டு, காற்று தணியும் இடைவெளிக்காக முகத்தைத் திருப்பிக் காத்து நின்று, பிறகு நாலைந்து அடி வைத்து மறுபடி நின்றதைப் பார்த்தேன். அவருக்கு அது அன்றாடம். ஆனால் இந்தக் காற்று மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரைக்காற்றில் அலை எழும்ப இடம் போதாது. எனவே ஐம்பது நாட் (மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல்) காற்று அடிக்கும்போதும் ஊருக்கு எதிரே நங்கூரமிட்டிருக்கும் கப்பலைச் சுற்றிச் சிறு அலைதான் இருக்கும். அதே காற்று நீரிணையைக் கடந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள தியெரா தெல் ஃபுவேகோ தீவின் கரையை அடையும்போது நுரைத்த கடலாகியிருக்கும். நீரிணையின் கிழக்கு வாயிலில் ஓதத்தின் (கடல் நீர் ஏறி இறங்குவதன்) ஏற்றம் பத்து மீட்டரை நெருங்கும், குறுகிய கணவாய்களில் நீரோட்டம் எட்டு நாட் வரை ஓடும். புந்தா அரேனாஸுக்கு வந்துவிட்டால் ஓதம் இரண்டு மீட்டர் அளவுக்கு அடங்கிவிடுகிறது. பெருங்காற்றில் கப்பல் துறைமேடையை விட்டு விலகப் பார்க்கும், கட்டிய வடங்கள் முறுகிக் கிறீச்சிடும், துறையை மூடிவிடுவார்கள், நாங்கள் காற்று தணியக் காத்திருப்போம். அது தொல்லைதான். ஆனாலும் உடைந்து மூழ்குவதற்கான இடம் அல்ல, காத்திருப்பதற்கான இடம்.

இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்பானியர்களுக்கும் சிலி அரசுக்கும் மிகுந்த விலை கொடுக்க வேண்டியிருந்தது. போர்த்துகீசிய மாலுமி மகெல்லன் 1520இல் கடந்துபோன பிறகு, 1584இல் பேத்ரோ சார்மியெந்தோ தே கம்போவா நீரிணையில் இரண்டு குடியிருப்புகளை நிறுவினார். உணவும் உதவியும் வராமல் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் பட்டினியால் மாண்டார்கள். 1587இல் அவ்வழியே வந்த ஆங்கிலேயர் தாமஸ் கேவண்டிஷ் அந்த இடத்துக்குப் ‘பஞ்சத் துறை’ என்று பெயரிட்டார், அது இன்றும் நிலைத்திருக்கிறது. 1843இல் சிலி அரசு ‘அன்குத்’ என்ற சிறு பாய்மரக் கப்பலை அனுப்பி, அதே பகுதியில் புல்னெஸ் கோட்டையை எழுப்பி நீரிணையைத் தனதாக்கிக்கொண்டது. பாறை நிலமும் ஓயாத ஈரமும் மேய்ச்சலின்மையும் அதையும் தோற்கடித்தன. ஐந்தே ஆண்டுகளில், 1848 டிசம்பர் 18 அன்று, ஆளுநர் ஹோசே தே லோஸ் சாந்தோஸ் மார்தோனெஸ் குடியிருப்பைச் சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே, ஆற்றோரச் சமவெளிக்கு மாற்றினார். ஆங்கில மாலுமிகள் அந்த இடத்தை ஏற்கெனவே ‘மணல் முனை’ என்று அழைத்துவந்தார்கள். ‘புந்தா அரேனாஸ்’ என்பதற்கும் அதே பொருள்தான். வெறும் 60 கிலோமீட்டர் இடமாற்றம், ஆனால் மழைக்காட்டிலிருந்து விளிம்புக்கு வந்துவிட்டார்கள். அந்த நகரத்தின் வரலாற்றில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுதான் என்பேன்.

அடுத்த முப்பது ஆண்டுகள் அது சிறைக் குடியேற்றமாகவே இருந்தது. 1851இல் கம்பியாசோ என்ற பீரங்கிப் படை அதிகாரி கலகம் செய்து ஆளுநர் பெஞ்சமின் முஞ்ஞோஸ் கமேரோவைக் கொன்றான், ஊர் எரிந்தது. 1877இல் பீரங்கி வீரர்களும் கைதிகளும் மறுபடி கலகம் செய்து ஊரை எரித்தார்கள். கொல்லப்பட்ட அந்த ஆளுநரின் பெயரைத்தான் இன்று நகரின் நடுச் சதுக்கம் தாங்கி நிற்கிறது.

இரண்டு கலகங்களுக்கும் நடுவே வந்த மாற்றம் நீராவி. பாய்மரக் கப்பல்கள் நீரிணையை விரும்பியதில்லை. எதிர்க்காற்றில் குறுகிய நீர்ப்பரப்பில் திரும்பித் திரும்பி ஓடுவதைவிடத் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றிப் போவதே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. நீராவிக் கப்பலுக்கோ காற்றைக் கேட்க வேண்டியதில்லை. 1868 முதல் லிவர்பூலுக்கும் வால்பராய்சோவுக்கும் இடையே ஓடிய ஆங்கில நீராவிக் கப்பல்கள் இந்த நீரிணை வழியே வரத் தொடங்கின. அதே காலத்தில் அரசு புந்தா அரேனாஸைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கி, குடியேற வருபவர்களுக்கு நிலமும் கொடுத்தது. ஆகவே கப்பல்கள்தான் ஊரை எழுப்பின என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் ஊரைப் பெரிதாக்கியது அடுத்து வந்த ஆடு.

1877இன் தொடக்கத்தில், கலகத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஆளுநர் தியேகோ துப்ளே அல்மெய்தா ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து 300 செம்மறி ஆடுகளைக் கொண்டுவந்தார். ஹென்றி ரெய்னார்ட் என்ற ஆங்கிலேயர் அவற்றை வாங்கி நீரிணையில் உள்ள இசபெல் தீவில் விட்டார். ஆடுகள் குளிரைத் தாங்கிப் பெருகின. இதற்குப் பிறகு நடந்ததை மக்கள்தொகை எண்களில் பார்க்கலாம். 1885இல் ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், 1895இல் ஏறத்தாழ 3,200 பேரையும் 1907இல் 12,000 பேரையும் எட்டியது. ரோமம் நேராக லண்டன் சந்தைக்குப் போனது. 1905இல் நகருக்கு வடக்கே ரியோ செக்கோவில் இறைச்சியை உறையவைத்து அனுப்பும் ஆலை வந்தது. போர்த்துகீசியரான ஹோசே நொகெய்ரா, ஸ்பெயினின் அஸ்தூரியாஸிலிருந்து வந்த ஹோசே மெனெந்தெஸ், ரஷ்யப் பேரரசிலிருந்து யூதக் குடும்பத்தோடு வந்த மவுரிசியோ பிரவுன், அவருடைய அக்காள் சாரா பிரவுன் ஆகியோரின் கைகளில் செல்வம் குவிந்தது. சாரா நொகெய்ராவை மணந்தார், மவுரிசியோ மெனெந்தெஸின் மகளை மணந்தார். இரண்டு மூன்று வீடுகளுக்குள்ளேயே பட்டகோனியாவின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. நொகெய்ராவுக்கு 1890இல் தியெரா தெல் ஃபுவேகோவில் கிடைத்த ஒரே குத்தகை மட்டும் பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல். 1893இல் உருவான தியெரா தெல் ஃபுவேகோ சுரண்டல் சங்கம் அந்த நிலத்தின் மேல்தான் நின்றது. ‘சுரண்டல்’ என்பது என் சொல் அன்று. ஸ்பானியப் பெயரிலேயே அது இருக்கிறது, நிலத்தைப் பயன்கொள்ளுதல் என்ற பொருளில்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்லாமல் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அந்தப் பத்து லட்சம் ஹெக்டேரும் அத்தீவின் பழங்குடிகளான செல்க்நாம் மக்களின் வேட்டை நிலம். வேலிகள் வந்து, அவர்கள் வேட்டையாடிய குவனாக்கோ விலங்குகள் குறைந்தபோது அவர்கள் ஆடுகளை வேட்டையாடினார்கள். பண்ணைகள் கூலி கொடுத்து அவர்களை வேட்டையாடின. தப்பியவர்கள் சலேசியப் பாதிரிமார் 1889இல் தாசன் தீவில் தொடங்கிய மிஷனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே நோயால் பெருமளவில் இறந்தார்கள். 1911இல் மிஷன் மூடப்பட்டபோது எஞ்சியவை பெரும்பாலும் கல்லறைகள். கொலைகள் நடந்தன, அவற்றுக்குக் கூலி தரப்பட்டது என்பதில் ஐயமில்லை. தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில்தான் ஆய்வாளர்கள் மாறுபடுகிறார்கள். நாலாயிரத்தை ஒட்டிய எண்ணையே பலரும் சொல்கிறார்கள். அந்த இனம் முற்றிலும் அழிந்துவிட்டது என்று நீண்ட காலம் எழுதப்பட்டது தவறு. அவர்களின் வழித்தோன்றல்கள் இருக்கிறார்கள். 2023இல் சிலி அரசு செல்க்நாம்களைப் பழங்குடி மக்களாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது.

இப்போது கால்வாய்க்கு வருவோம். 1914இல் பனாமா திறந்ததும் ஐரோப்பாவுக்கும் பசிபிக் கரைக்கும் இடையிலான கப்பல்கள் அவ்வழியே திரும்பின, புந்தா அரேனாஸில் நிலக்கரி ஏற்ற நிற்பவை குறைந்தன. இது உறுதி. ஆனால் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 1912இல், சிலி அரசு அங்கே சுங்க அலுவலகம் திறந்து வரியற்ற துறைமுகத்தை முடித்துவைத்திருந்தது. புந்தா அரேனாஸ் அதுவரை எல்லைக்கு அப்பால் உள்ள அர்ஜென்டினப் பண்ணைகளுக்கும் கடையாக, வங்கியாக, துறைமுகமாக இருந்தது. இரு நாடுகளும் சுங்கச் சுவரை எழுப்பியதும் அந்தப் புறநிலம் மெல்ல மெல்ல அர்ஜென்டினத் துறைமுகமான ரியோ கயேகோஸ் பக்கமும் புவெனஸ் அயர்ஸ் பக்கமும் திரும்பியது. முதல் உலகப் போர் முடிந்ததும் ரோமத்தின் விலை சரிந்தது. சுங்கம், கால்வாய், ரோம விலை ஆகிய இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம், வரலாற்றாசிரியர்களும் ஒருமித்துச் சொல்வதில்லை. என் கணிப்பில் சுங்கமும் விலையும் கால்வாயைவிடக் கனமானவை. 1907இல் 12,000 ஆக இருந்த மக்கள்தொகை 1920இல் 20,000ஐத் தொட்டது. கால்வாய் ஒன்றே உயிர்நாடியை அறுத்திருந்தால் இது நடந்திராது. கப்பல்கள் குறைந்தாலும் ஆடுகள் புல்வெளியில் மேய்ந்துகொண்டேதான் இருந்தன.

அந்த ஆண்டுகளில் அங்கே இருந்ததை இறந்த ஊர் என்று யாராலும் சொல்ல முடியாது. 1916இல் அன்டார்க்டிக்காவின் யானைத் தீவில் சிக்கிய, துருவ ஆய்வுப் பயணி ஷாக்கிள்டனின் 22 தோழர்களை, லூயிஸ் பார்தோ என்ற சிலி அதிகாரி ‘யெல்ச்சோ’ என்ற சிறு கப்பலில் போய் மீட்டு இங்கேதான் கொண்டுவந்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கவிஞர் கப்ரியேலா மிஸ்திரால் 1918 முதல் 1920 வரை இங்கே பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார். ரோமம் கத்தரிக்கவும் ஆலையில் வேலை செய்யவும் வந்த சிலோயே தீவினரும், பிராச் தீவிலிருந்து வந்த குரோஷியர்களும் தொழிற்சங்கம் கட்டினார்கள். 1920 ஜூலை 27 அன்று அந்தச் சங்கத்தின் கட்டடம் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே தீவைக்கப்பட்டது.

ரோம விலையோடு தொடங்கிய சரிவை நிறுத்தியது எண்ணெய். 1945 டிசம்பர் 29 அன்று தியெரா தெல் ஃபுவேகோவின் ஸ்பிரிங்ஹில்லில் சிலியின் முதல் எண்ணெய்க் கிணறு ஊற்றெடுத்தது; 1950இல் அரசின் எண்ணெய் நிறுவனமான எனாப் உருவானது. எண்ணெயோடு வந்த இயற்கை எரிவாயு வீடுகளைச் சூடாக்கியது. 1977இல் வரியற்ற வணிக மண்டலம் திரும்ப வந்தது. 1988இல் கபோ நெக்ரோவில் எரிவாயுவிலிருந்து மெத்தனால் தயாரிக்கும் ஆலை தொடங்கி, 2005க்குள் நான்கு அலகுகளாக வளர்ந்தது. 2007இல் அர்ஜென்டினா எரிவாயுவை நிறுத்தியதும் அந்த அலகுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இரண்டைக் கழற்றி அமெரிக்காவின் லூயிசியானாவுக்கே கொண்டுபோனார்கள். ஒரே பொருளை நம்பிய ஊருக்கு என்ன நேரும் என்பதை ரோமத்துக்குப் பிறகு இரண்டாவது முறை அந்தக் கரை கண்டது.

அங்குள்ளவர்களுக்கு எரிவாயு என்ன என்பதை 2011 ஜனவரியில் உலகமே பார்த்தது. அரசு அதன் விலையை 16.8 சதவீதம் உயர்த்தப்போவதாக அறிவித்ததும் மொத்த வட்டாரமும் எழுந்தது. சாலைகள் மறிக்கப்பட்டன, சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், ஒரு வாரத்தில் அரசு இறங்கிவந்து 3 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஆண்டு முழுவதும் அடுப்பு அணையாத ஊரில் வாயுவின் விலை என்பது அரிசியின் விலையைப் போன்றது.

இன்று ஊர் வேறு சிலவற்றின் மேலும் நிற்கிறது. சிலியின் அன்டார்க்டிக் நிறுவனம் 2003இல் தலைநகரிலிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. அன்டார்க்டிக்காவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு இங்கிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான். கடற்படையும் ராணுவமும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பனாமாவில் வறட்சியால் கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய 2023, 2024 ஆண்டுகளில் நீரிணையில் போக்குவரத்து கூடியது. 2022 டிசம்பரில் நகருக்கு வடக்கே ஹாரு ஓனி என்ற சோதனை ஆலை, காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துச் செயற்கை எரிபொருள் செய்யத் தொடங்கியது. இது அடுத்த ஆடாகுமா என்று கேட்டால், காற்று அங்கே எப்போதும் உண்டு என்பதை மட்டும் என் வடங்கள் சாட்சியாகச் சொல்வேன். அந்த எரிபொருளை வாங்கும் விலை உலகில் எப்போது வரும் என்பது திறந்த கேள்வி.

ஊரின் வடிவத்திலும் இந்த வரலாறு தெரியும். 2017 கணக்கெடுப்பில் 1,31,592 பேர் வாழ்ந்த அந்த நகராட்சியின் குடியிருப்புகள் கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கின்றன. மேற்கே குன்றுகள் எழுந்துவிடுவதால் வணிக மண்டலம், விமான நிலையம், பெருஞ்சாலை எல்லாம் வடக்கே போயிருக்கின்றன. முன்பு நிலக்கரி கொடுத்த ஆறு இப்போது கல் சுவர்களுக்குள் நகரத்தின் நடுவே ஓடுகிறது. 2012 மார்ச்சில் மலையில் பெய்த மழையால் அது சேற்றோடு கரைமீறி மையத் தெருக்களில் புகுந்தது. எங்கிருந்து ஊர் பிறந்ததோ அங்கிருந்தே ஆபத்தும் வருகிறது என்பதால், புதிய குடியிருப்புகளை எங்கே கட்டுவது என்பது அங்கே வெறும் நிலவிலைக் கேள்வி அன்று.

நீங்கள் ஒரு நாள் அங்கே போக நேர்ந்தால், சதுக்கத்திலிருந்து சில தெருக்கள் மேற்கே ஏறிச் சிலுவைக் குன்றின் மேல் நில்லுங்கள். சிவப்பும் நீலமும் பச்சையும் பூசிய தகரக் கூரைகள் கட்டம் கட்டமாகக் கடல்வரை இறங்கும். கரையோரத்தில் பழைய நிலக்கரித் துறையின் மரக்கால்கள் மட்டும் நீரில் நிற்கும், அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கும். அதற்கு அப்பால் நங்கூரத்தில் ஒரு கப்பல், நீரிணையின் மறுகரையில் தியெரா தெல் ஃபுவேகோவின் தாழ்ந்த கோடு. திரும்பி மேற்கே பார்த்தால் காடு. அந்த ஊர் எதையெதை நம்பி வாழ்ந்ததோ அவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு சுற்றுப் பார்வைக்குள் இருக்கும்.